கூரை ஓரத்து விரிசல்



வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையையொட்டிக் கோச்சடையில் எழும்பும் புதிய வீடுகள் சிலவற்றில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகையாலான இரண்டாவது கூரையொன்றும் தொங்குகின்றது. ‘ஃபால்ஸ் சீலிங்’ என்பர். பார்வைக்கு அழகுதான். ஆனால் இரண்டொரு கோடைகள் கழிந்ததும், அக்கூரை சுவரைச் சந்திக்கும் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தோன்றுகிறது. வீட்டார் ஆளை அழைத்துப் பட்டி பூசி வர்ணமடிக்கின்றனர். அடுத்த சித்திரையில் அதே இடத்தில் அதே கோடு! மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு கரைவதைக் காண நமக்கு வருத்தமாயிருக்கிறது.

வேலையாள் ஏமாற்றிவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். செங்கற்சுவரோ அதில் பாதியளவே நீளும். மதுரை வெயிலில் மொட்டைமாடி படும் பாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. தளத்தோடு தொங்கும் பலகை நகர முயல, சுவர் அசைய மறுக்க, இடையிலுள்ள பட்டி வெடிக்கிறது. முன்னோர் கையாண்ட சுண்ணாம்புச் சாந்து மென்மையானது; சிறு அசைவுகளைப் பொறுத்துக்கொண்டது. இக்காலப் பட்டி கல்லாக இறுகிவிடும். சுவரும் தளமும் கூடுமிடத்தில் பூச்சைத் தொடரவிடாமல் சிறு காடி விட்டுப் பிரிக்கும்படி, இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டட விரிசல்கள் பற்றிய கைந்நூலும் அறிவுறுத்துகின்றது.

ஆகவே பழுது பார்க்குமுன் விரிசலை நன்கு நோக்க வேண்டும். அருகில் பழுப்புக் கறையோ, பலகையில் தொய்வோ காணப்பட்டால் காரணம் வெயிலன்று, தண்ணீர். ஜிப்சம் நனைந்தால் வலிமையிழக்கும். ஊறிய பலகை உறங்குவோர் மீது விழவுங்கூடும். அவ்வறையில் குழந்தைகளையும் முதியோரையும் படுக்க விடாதீர். மின்சாரத்தை நிறுத்தி, மாடித் தட்டோட்டின் இடுக்குகளையும் தண்ணீர்க் குழாய்களையும் சோதித்து, ஒழுக்கை அடைத்த பின்னரே நனைந்த பலகையை மாற்றுக. விரிசல் சுவரில் சாய்வாக இறங்கி அகன்றுகொண்டே போனால் அது அஸ்திவாரத்து நோயாயிருக்கலாம். பொறியாளரை அழைப்பதே முறை.

வெறும் ஓரக் கோடாயின் வேலை எளிது. பழைய பட்டியை முழுவதும் சுரண்டி எடுத்து, தூசியைத் தூரிகையால் துடைக்க வேண்டும். (இந்தச் சுரண்டலைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர்.) பலகையைக் கையால் மெல்ல அழுத்தினால் ஆடுகிறதா? ஆடினால் புதிய திருகாணிகளால் தகரச் சட்டத்தோடு இறுக்க வேண்டும். இரு பக்கமும் ஜிப்சம் பலகையாயிருக்கும் மூலையில், இணைப்புப் பசை தடவி, நடுவே மடித்த காகித நாடாவை அதில் பதித்து, நன்கு உலர்ந்தபின் மேலும் இரு முறை அகலமாகப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து வர்ணமடிக்கலாம். ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை பொறுக்க வேண்டும். அவசரக்காரருக்கு இவ்வேலை ஆகாது.

ஆனால் ஒரு பக்கம் செங்கற்சுவராயின் நாடாவும் கிழியும். அங்கே நேரான சிறு இடைவெளி விட்டு, வர்ணம் ஏற்கும் அக்ரிலிக் சீலண்டை நிரப்புதலே நலம். அது ரப்பரைப்போல நீண்டு சுருங்கும். அலங்காரப் பட்டை வைத்து மறைக்க விரும்புவோர், அதைச் சுவரிலோ கூரையிலோ ஒன்றில் மட்டும் பொருத்தட்டும். இரண்டிலும் ஒட்டினால் பட்டையே பிளக்கும்.

வேலையைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அப்போது வற்றியிருக்கும், கோடையும் தொடங்கியிராது. கூலி பேசும்போதே, பழைய பட்டியைச் சுரண்டுவதும் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.