சைக்கிள் பந்தயமும் செவி ரேடியோவும்

சாலைச் சைக்கிள் பந்தயங்களில், பின்வரும் காரிலிருந்து தலைவர் இடும் கட்டளையைச் செவி ரேடியோ வாயிலாகக் கேட்டு ஓட்டும் வழக்கம், 1990களில் தொழின்முறைக் குழுக்களிடையே பரவிற்று. ஊதியம் கருதாது ஓட்டுவோர்க்கும் அது வேண்டுமென்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம்.

2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் பந்தயத்தில் ரேடியோவிற்கு இடமில்லை. தொழின்முறைக் குழு எதனையும் சாராத ஆஸ்திரிய நாட்டுக் கணிதப் புலவர் அன்னா கீசன்ஹோபர், தொடக்கத்திலேயே முன்னேறித் தம் கணிப்பையே நம்பி வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனையோ, தாமே முதல்வரெனக் களித்தார். ரேடியோ இருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது என்பர், மெய்யே. ஆயினும், முன்சென்றோர் எத்துணையர் என நினைவில் வைத்தலும் பந்தயத் திறனின் ஒரு கூறன்றோ?

விபத்து எச்சரிக்கை இன்றியமையாததெனின், பந்தயம் நடத்துவோரே அதனை அனைவர்க்கும் பொதுவாக அறிவிப்பாராக. உபாயம் மட்டும் ஓட்டுவோர் சிந்தையிலேயே பிறத்தல் வேண்டும்.