விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரம்

க.பொ.த. உயர்தர உயிரியல் பிரிவில் தோற்றி, இசட் புள்ளியால் மருத்துவ பீடத்தைத் தவறவிடும் மாணவர் பலர், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அடுத்த தெரிவுகளுள் ஒன்றாக இயன்மருத்துவத்தைக் குறிப்பிடுகின்றனர். கொழும்பிலோ பேராதனையிலோ நான்காண்டுகள் பயிலவேண்டிய இத்துறையை அவர்களுள் எத்தனை பேர் நேரிற் கண்டிருப்பர்? பக்கவாதத்தால் வீழ்ந்தவர் மீண்டும் ஓரடி எடுத்துவைக்க மாதங்கள் செல்லலாம். அதே பயிற்சி நாள்தோறும் தொடரவேண்டும். அந்தப் பொறுமை இசட் புள்ளியில் தெரிவதில்லை. 2009 இல் முடிவுற்ற யுத்தம் அவயவங்களை இழந்தோரை விட்டுச்சென்ற வடக்கு, கிழக்கில் இப்பணியின் தேவை நாம் விளக்கவேண்டியதொன்றல்ல.

பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் மாணவர் மாதக்கணக்கிற் காத்திருக்கின்றனர். அக்காலத்தில் ஒரு வாரமேனும் அரசாங்க வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவில் அருகிருந்து பார்க்கச் சுகாதார, கல்வி அமைச்சுகள் ஒழுங்கு செய்யவேண்டுமென நாம் கோருகின்றோம். நோயாளியின் சம்மதம் முதலிற் பெறப்படவேண்டும். கைத்தொலைபேசிகள் வாயிலிலேயே ஒப்படைக்கப்படவேண்டும்.