முதல்ல எந்த ஊர்?

மேனேஜரிடம் அரை நாள் லீவு கேட்கவே தொண்டை வறண்டு போகிற ஆசாமிகள் சிலரை எனக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு இவர்கள்தான் ரோமாபுரியை முற்றுகை போடுகிறார்கள். 1991-ல் 'சிவிலைசேஷன்' வந்தது, 1997-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வந்தது. அன்றிலிருந்து பகலில் டெபிட்-கிரெடிட், ராத்திரியில் குதிரைப்படை என்று ஒரு கூட்டம் இரட்டை வாழ்க்கை நடத்திக்கொண்டிருக்கிறது. மனைவிமார்களுக்கும் தெரியும். ஏதோ, வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்கள்.

இந்தச் சக்ரவர்த்திகளின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி ஒன்றுதான். எதிரியிடம் எட்டு ஊர். நம்மிடம் ஒரே ஒரு படை. முதல்ல எந்த ஊரைப் பிடிக்கிறது?

பொங்கலுக்குக் கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் கோமுகி அணைப் பக்கம் காற்று வாங்கப் போயிருக்க, அக்கா பையன் மட்டும் லேப்டாப் முன்னால் உலகத்தை வென்றுகொண்டிருந்தான்.

"என்னடா மாப்ளே, நேரா தலைநகரத்துக்கே போயிட்டே?"

"தலையில போட்டா வால் தானா அடங்கும் மாமா!"

வால் அடங்கின மாதிரித் தெரியவில்லை. இவன் படை கோட்டைச் சுவரில் முட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு சின்ன ஊரிலிருந்து நாலு குதிரை கிளம்பி வந்து, உதவிக்கு வருகிறவனையெல்லாம் வழியிலேயே காலி பண்ணிக்கொண்டிருந்தது. "அந்தச் சின்ன ஊரை ஏன்டா விட்டே?" என்றேன். "அது ஒரு ஊரா மாமா?" என்றான். பிரெஞ்சுத் தளபதி லாலி கேட்டிருந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். வீரர், சந்தேகமில்லை. ஜூன் மாதமே கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கிவிட்டார். அடுத்தது சென்னை என்று கிளம்பப் பார்த்தால் கஜானாவில் காசு இல்லை. நம்ம பி.காம். பாஷையில் சொன்னால், ஒர்க்கிங் கேப்பிடல் நில். பீரோவைக் குடைந்ததில் ஒரு பழைய பத்திரம் அகப்பட்டது. தஞ்சாவூர் ராஜா 1749-ல் சந்தா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்தது, 56 லட்ச ரூபாய்க்கு. ஒன்பது வருஷ வாராக்கடன்! அதை வசூலிக்கப் படையோடு கிளம்பினார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்குமென்று குடைந்து பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஊர்க்காரர்களின் சாபம்தான் கிடைத்தது. தஞ்சாவூரிலும் கதை நடக்கவில்லை. வெடிமருந்து தீர்ந்து ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்.

தப்பு அதில்கூட இல்லை. 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகை போட்டாரே, அப்போது பின்னால் செங்கல்பட்டை விட்டு வைத்தார். அது ஒரு ஊரா என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அங்கிருந்துதான் யூசுப் கான் கிளம்பினார் - நம்ம மருதநாயகம், 1997-ல் கமல் பூஜை போட்டு இன்னும் முடியாத படத்தின் நாயகன். இங்கிலீஷ் கேப்டன் பிரெஸ்டனும் அவரும் சேர்ந்து லாலிக்கு வருகிற தானியத்தையும் மாட்டையும் மடக்கி மடக்கி உயிரை எடுத்துவிட்டார்கள். முற்றுகை போட்டவனே முற்றுகையில் இருக்கிற நிலைமை. 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் தெரிந்ததும் லாலி மூட்டை கட்டினார்.

அடுத்த ஆட்டக்காரர் அயர் கூட். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்தார். நம்ம மாப்பிள்ளையாக இருந்தால் அன்றைக்கு ராத்திரியே புதுச்சேரிக்கு வண்டியை விட்டிருப்பான். கூட் திரும்பி சேத்துப்பட்டுக்குப் போனார். அப்புறம் ஆற்காடு, பெருமுக்கல், ஆலம்பரை, காரைக்கால், சிதம்பரம். பேரைப் படித்தால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி இருக்கும். மேப்பில் வைத்துப் பாருங்கள், புதுச்சேரிக்குச் சாப்பாடு போகிற ஒவ்வொரு வழியாக அடைத்திருக்கிறார். ஆலம்பரை கடலோரக் கோட்டை. காரைக்கால் தஞ்சாவூர் நெல்லுக்கு வாசல்.

'அப்போ சின்ன ஊரெல்லாம் முதல்ல' என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். பிடிக்கிற ஒவ்வொரு ஊருக்கும் காவலுக்கு ஆள் வைக்கணும். பத்து ஊருக்குப் பத்துப் பத்துப் பேர் என்று விட்டுக்கொண்டே போனால், பெரிய ஊர் வாசலுக்கு வரும்போது நீங்களும் உங்கள் யானையும்தான் இருப்பீர்கள். 2005-ல் வந்த நாலாவது சிவிலைசேஷனில் ஊர் கூடக்கூடப் பராமரிப்புச் செலவு கஜானாவைத் தின்னும். ஆறாவது பாகத்தில் 2018-லிருந்து இன்னொரு வம்பு, சுற்றிலும் எதிரி ஊராக இருந்தால் பிடித்த ஊர் விசுவாசம் குறைந்து கையை விட்டுப் போய்விடும். என் கட்சி, ஊரின் சைஸைப் பார்க்காதே என்பது. எதிரியின் அரிசி எந்த ஊர் வழியாகப் போகிறது, அதைப் பார்.

லாலிக்கும் இது புரிந்தது, லேட்டாக. அங்கேதான் நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் கதைக்குள் வருகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை ரோட்டில் போனால் தியாகதுர்கம் மலை தெரியும். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ரொம்ப நேரம் தெரியும். 1760 ஜூனில் லாலி ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டார். மைசூர்க் குதிரைப்படையும் புதுச்சேரிக்கு மாடும் அரிசியும் வேண்டும், பதிலுக்குத் தியாகதுர்கம் கோட்டையை வைத்துக்கொள் என்றார். கோட்டையை விற்று அரிசி வாங்கியாகிவிட்டது! ஜூலையில் மைசூர்க்காரர்கள் திருவதிகைப் பக்கம் ஒரு இங்கிலீஷ் படையைத் துவம்சமும் பண்ணினார்கள். ஆனால் கூட் வில்லியனூரைப் பிடித்துப் புதுச்சேரியின் கழுத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் நாற்காலியே ஆட்டம் காண, வந்த படை ஊர் திரும்பிவிட்டது. அரிசி நின்றது.

சிவிலைசேஷனில் ஊர் பட்டினி கிடந்தால் பேருக்குப் பக்கத்தில் உள்ள எண் ஒன்பதிலிருந்து எட்டாகும். அவ்வளவுதான். புதுச்சேரியில் 1760 நவம்பர் கடைசியில் லாலி, வாய் குறையட்டும் என்று உள்ளூர் ஜனங்கள் சுமார் 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். நம்ம ஜனங்கள், தமிழர்கள். முன்னால் போனால் இங்கிலீஷ்காரன் விரட்டுகிறான், திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரன் சுடுகிறான். நடுவில் கிடந்த பொட்டலில் புல்லின் வேரைத் தோண்டித் தின்றபடி நாள்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில் கூட் வழி விட்டார். அதற்குள் செத்தவர் செத்தார்கள். கோட்டைக்குள்ளே இருந்தவர்கள் யானை, ஒட்டகம், நாய் வரைக்கும் தின்றார்கள். புத்தாண்டன்று ஒரு புயல் வந்து இங்கிலீஷ் கப்பல்களை அடித்து நொறுக்கியது. புதுச்சேரியில் சாமி கண் திறந்ததென்றே நினைத்திருப்பார்கள். சில நாளில் மிச்சக் கப்பல்கள் திரும்ப வந்து மறித்துவிட்டன. 1761 ஜனவரி 16-ல் ஊர் சரணடைந்தது. அப்புறம் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியைப் பிரான்ஸில் ராஜத்துரோகி என்று விசாரித்து, 1766-ல் பாரீஸில் தலையை வெட்டினார்கள்.

மைசூர்க்காரர்கள் போனபின் தியாகதுர்கத்தில் மறுபடி பிரெஞ்சுக் கொடி. 65 நாள் முற்றுகையையும் குண்டையும் தாங்கி 1761 பிப்ரவரியில்தான் அது பணிந்தது. புதுச்சேரியே போனபிறகும் நின்றிருக்கிறது, இந்த 'ஒரு ஊரா'!

கூட் தொடாமலே வைத்திருந்தது செஞ்சியை. இருக்கிறதிலேயே கஷ்டமான கோட்டை, மூன்று மலை. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான், மராட்டிய ராஜாராமைப் பிடிக்க நேராக அதில்தான் கை வைத்தார். கீழே கூடாரம் போட்டு 1698 வரை உட்கார்ந்தார். கோட்டை கிடைத்தது, ராஜாராம் தப்பிவிட்டார். கூட்டின் ஆட்டத்தில் செஞ்சிதான் கடைசி. புதுச்சேரி விழுந்து மூன்றாம் மாதம், 1761 ஏப்ரலில், காப்பாற்ற வர ஆளும் இல்லை, சம்பளம் அனுப்ப ஊரும் இல்லை என்றானபின் உள்ளே இருந்தவர்கள் தாங்களே நிபந்தனை பேசிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.