கமராக் கண்: தோழன் வீட்டுப் பாம்பு

ஊஸ்டருக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு குடும்பத்துத் தாய் சென்ற மாதம் நமக்குத் தொலைபேசி எடுத்தார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகன் வகுப்பில் பாம்பைப் பற்றிப் பேசப் போகிறானாம். அவனுடைய சுவிஸ் தோழன் தன் அறையிலேயே பாம்பு வளர்க்கிறானாம். அதைப் போய்ப் படமெடுக்க வேண்டுமாம். "பாம்பு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையை எப்பிடி அனுப்புறது?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. புடையனுக்குப் பயந்து, இரவில் ரோர்ச் லைற் இல்லாமல் கிணற்றடிக்குப் போகாதவர்கள் நாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தோழன் அவன். ஆகவே நாமும் கூடப் போனோம்.

பாம்பின் பெயர் கோர்ன்நாட்டர். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த இனம். நஞ்சு கிடையாது. ஒன்றரை மீற்றர் வரை வளரும், இருபது வருடம் வரை உயிர் வாழும். (நஞ்சுள்ள பாம்பை இந்நாட்டில் நினைத்தபடி வீட்டில் வைத்திருக்க முடியாது, அதற்கு மாநில அனுமதி வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் தாய்க்குப் பாதி மூச்சு வந்தது.)

மகன் கைத்தொலைபேசியில் பிளாஷ் போட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தான். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டும் அவனுடைய முகமும்தான் விழுந்திருந்தன. "பாம்பை ஒருக்கால் வெளியில் எடு" என்று நாமும் அவசரப்பட்டோம். தோழன் மறுத்துவிட்டான். பாம்பின் கண்களைக் காட்டினான், இரண்டும் பால் கலந்த நீலமாய் மங்கியிருந்தன. செட்டை கழற்றப் போகிறது, அதற்குப் பார்வை மங்கல், இப்போது தொட்டால் மிரளும் என்றான். பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் படித்த பாடம் அது. இரை விழுங்கி இரண்டு நாளுக்கும் தூக்கக் கூடாதாம், கக்கிவிடுமாம்.

பத்து நாள் கழித்துத் திரும்பப் போனோம். செட்டை கழற்றிய பாம்பு, பொலிஷ் போட்டதுபோல் செம்மஞ்சளாக மின்னியது. படத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. பிளாஷை நிறுத்தி, யன்னலோரம் ஒரு மேசையில் கறுப்புத் துணி விரித்தோம். நாம் எல்லோரும் சலித்துக்கொள்ளும் இந்த நவம்பர் மூடுபனி, படம் பிடிக்கிறவனுக்கு ஒரு கொடை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் மெதுவாய் விழும், செதிலில் வெள்ளைப் புள்ளி அடிக்காது.

கமராவைப் பாம்பின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். மேலே நின்று எடுத்தால் கயிறு கிடப்பதுபோல்தான் இருக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக விழுவது சில மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே. ஆகவே குறி கண்ணில் இருக்கவேண்டும். மூக்கு கூர்மையாகிக் கண் மங்கினால் அந்தப் படம் உதவாது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடிபோல் ஒரு செதில் மூடியிருக்கிறது. யன்னல் அதில் சின்னதாய்த் தெரிந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். கைத்தொலைபேசிக்காரர் மூக்கோடு மூக்காகப் போகவேண்டாம். தலை பூசணிக்காய்போல் பெருத்துவிடும். சற்றுப் பின்னால் நின்று இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். நாக்கு வேண்டுமென்றால் தொடர்ச்சியாக இருபது முப்பது எடுக்கவேண்டும், ஒன்றில் விழும். லென்ஸ் கமரா வைத்திருப்பவர் துவாரத்தை எட்டு அல்லது பதினொன்றுக்குச் சுருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாக வைத்திருக்கவேண்டாம். பெட்டிக்கு வெளியே அதற்குக் குளிரும்.

முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் உடம்பில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதைத் தொடவே விடாதீர்கள்.

இரண்டாம் முறை தாயும் வந்திருந்தார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றவர், மகன் நீட்டிய படத்தை விரலால் பெருப்பித்து நெடுநேரம் பார்த்தார். வயிற்றுப்புறம் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோல் இருந்தது. "வடிவாத்தான் இருக்குது" என்றார். பிறகு மெதுவாக, "இதுக்குப் பால்தானே வைக்கிறவை?" என்று கேட்டார். பால் அல்ல, உறைய வைத்த எலி, குசினியில் தனிப் பெட்டியில் இருக்கிறது என்று மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். அந்த நேரம் பார்த்துத் தோழனின் தாய் கோப்பி கொண்டுவந்து நீட்ட, இவர் நம்மைப் பார்த்தார். நாம் யன்னலைப் பார்த்தோம்.

கோப்பியை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தார்.