ஒலிக்காத கணிப்பொறி பழுதானதன்று

பள்ளிக் கணிப்பொறியில் ஒலி எழாவிடில், அதனை உடனே பழுது பார்ப்பவரிடம் அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஆங்கில உச்சரிப்புப் பாடத்திற்காக வைத்திருந்த லினக்ஸ் கணிப்பொறி நகரத்திற்குப் போய், ஐந்து வாரங்கள் கழித்து, ஒலி அட்டை கெட்டுவிட்டது என்ற சீட்டுடன் திரும்பியிருந்தது. அட்டையில் யாதொரு குறையும் இல்லை. மிக்ஸரில் ஸ்பீக்கருக்குரிய வழி அடைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. ஒரே விசையில் ஒலி பிறந்தது. அந்த ஐந்து வாரமும் ஆசிரியை தாமே உரக்கப் படித்துக் காட்டி வந்தாராம்.

ஆற்றில் நீர் பெருகி ஓடினும், மதகு மூடியிருந்தால் வயலுக்கு நீர் பாயாது. ஒலி அட்டைக்குள்ளும் முதன்மை வழி, ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், மைக் என மதகுகள் பல உள. லினக்ஸில் இவற்றை ஆளுவது ஆல்ஸா என்னும் அமைப்பு. 2003-இல் வெளிவந்த 2.6 கெர்னல் முதல் அது உடன் வருகிறது. அதற்கு மேலடுக்காகப் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் இயங்கும். திரையின் மூலையில் நாம் காணும் ஒலியளவு இம்மேலடுக்கினுடையது. அது நூறு என்று காட்டும்போதும் கீழே ஒரு மதகு மூடிக் கிடக்கக்கூடும்.

ஆகவே முதலில் டெர்மினலைத் திறந்து, ஆல்ஸாமிக்ஸர் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்க. தொடக்கத்தில் ஒரே ஒரு தூண் மட்டும் தோன்றினால் ஏமாறவேண்டா. அது மேலடுக்கின் முகமே. எஃப்6 விசையை அழுத்தி மெய்யான அட்டையைத் தெரிந்தெடுத்தால் எல்லாத் தூண்களும் வெளிப்படும். தூணின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இருப்பின் வழி மூடியுள்ளது. இரண்டு சுழியங்கள் இருப்பின் திறந்துள்ளது. எம் விசை அதனை மாற்றும். மேல்நோக்கிய அம்புக்குறி விசை அளவை உயர்த்தும். ஹெட்ஃபோன் செருகப்பட்டதும் ஸ்பீக்கரைத் தானாக அடைக்கும் ஓர் அமைப்பும் சில அட்டைகளில் உண்டு. செருகுதுளை தேய்ந்திருந்தால், ஹெட்ஃபோன் இல்லாதபோதும் அது உள்ளதாகக் கருதி ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடும். எச்டிஎம்ஐ வழியே திரையை இணைத்திருப்போர், ஒலியும் அத்திரைக்கே போய்விட்டதா என்று ஒலி அமைப்புப் பக்கத்தில் பார்க்க வேண்டும். எஃப்6 பட்டியலில் அட்டையே காணப்படாவிடில்தான் டிரைவரையோ அட்டையையோ ஐயுறுதல் தகும்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். இதில் எம்மவர் குற்றமும் உண்டு. ‘மியூட்’ என்னும் சொல்லை ‘ஒலியடக்கு’ என்று ஏவலாகவே எழுதிவிடுகிறோம். ஒலி இப்போது அடங்கியுள்ளதா, அழுத்தினால் அடங்குமா என்று படிப்பவர் திகைக்கிறார். நிலையைக் குறிக்குமிடத்தில் ‘மூடியுள்ளது’ என்றும், செயலைக் குறிக்குமிடத்தில் ‘மூடு’ என்றும் எழுதுவதில் என்ன தடை? புலமை தோன்றவேண்டும் என்னும் ஆசையைத் தவிர வேறொன்றையும் நான் காணேன்.

சரிசெய்த நிலை அடுத்த முறை இயக்கும்போதும் நீடிக்க, நிர்வாகி அதிகாரத்துடன் ஆல்ஸாசிடிஎல் ஸ்டோர் என்னும் ஆணையை இடவேண்டும். இவ்விரு ஆணைகளையும் ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, கணிப்பொறியின் பக்கத்திலேயே ஒட்டிவைக்குமாறு களப்பணியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.