சொந்த மின்சாரம் என்னும் மயக்கம்

1990ஆம் ஆண்டிலே போரினால் மின்சாரத்தை இழந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு நம் செவிக்கு இனிப்பது இயல்பே. ஆயின், இனிக்கும் பேச்செல்லாம் உண்மையாகிவிடா. கூரைதோறும் சூரியத் தகடு, முற்றந்தோறும் காற்றாலை என்னும் இலட்சியம், இன்றைய வடிவில், தனியுடைமையின் புதியதோர் அலங்காரமேயன்றி மக்களின் விடுதலை அன்று என்பதே எமது துணிபு.

முதலில் விஞ்ஞான உண்மையை நோக்குவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அப்பொழுது தகடு பூட்டியும் பற்றரி இல்லாதிருந்த வீடுகள், வெயில் எறிக்கும் நடுப்பகலிலும் மின்சாரமின்றியே கிடந்தன. பொதுக் கம்பியோடு இணைந்த இன்வேட்டர், அக்கம்பியில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியிற் பணிபுரியும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. சொந்த மின்சாரம் எனப்பட்டது பொதுக் கம்பியின் தயவிலேயே வாழ்ந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மேலும், நமது மின்தேவை உச்சமடைவது மாலை 6.30க்குப் பின்னர், கதிரவனோ அதற்குள் மறைந்துவிடுகிறான். பகலில் எண்ணெயும் நிலக்கரியும் மிச்சமாகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. சேமிக்க வழியில்லாத விளைச்சல் களத்திலேயே வீணாகும் என்பதை எந்த உழவனும் அறிவான்.

காற்று இரவிலும் வீசும் என்பர். மெய்யே. ஆனால் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் வலு எண்மடங்காகும். பாதியானால் எட்டிலொன்றாகச் சுருங்கும். மதிலும் மாமரமும் தென்னையும் சூழ்ந்த முற்றத்திலே சுழலும் சிறு காற்றாலை எதனைப் பெறும்? வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் ஊர்ப்பொதுக் காற்றாலை ஒன்று, வீட்டுக்கொன்றாக நட்ட பலவற்றினும் மேலானது. இயற்கையின் விதியே இங்குக் கூட்டுவாழ்வின் பக்கம் நிற்கின்றது.

இனி, கூரை யாருடையது என்ற வினாவுக்கு வருவோம். 2016இல் தொடங்கிய 'சூரியபல சங்கிராமய' திட்டம், கூரையிலிருந்து வரும் அலகு ஒன்றுக்கு முதல் ஏழாண்டுக்கு 22 ரூபா தருவதாக உறுதியளித்தது. அதனைப் பெறச் சொந்தக் கூரை வேண்டும், முதல் வேண்டும், அல்லது வங்கி நம்பும் பெயராவது வேண்டும். லயத்தில் வாழும் மலையகத் தொழிலாளிக்குக் கூரை சொந்தமன்று. வாடகை வீட்டில் வாழ்பவனுக்கும் அஃதே. கூரையுடையோன் பெறும் பணமோ பொதுப்பணத்திலிருந்தோ ஏனைய நுகர்வோர் செலுத்தும் கட்டணத்திலிருந்தோ வந்தாக வேண்டும். கதிரவன் எல்லோர்க்கும் பொதுவாகவே காய்கின்றான். கணக்கேடு மட்டும் ஆள்பார்த்துத் திறக்கின்றது.

வசதியுள்ளவன் முதலிடட்டும், நன்மை மெல்ல எல்லோர்க்கும் பரவும் என்று சிலர் வாதிப்பர். அவ்வாறு தானே பரவிய நன்மை எதனை நாம் கண்டோம்? அதற்காகப் பெருநிறுவனங்களிடம் காற்றை ஒப்படைப்பதும் தீர்வாகாது. மன்னார்த் தீவில் 2025இல் மக்கள் வீதிக்கு வந்தது, தம் மண்ணின் காற்றைப் பற்றித் தம்மைக் கேளாது முடிவெடுக்கப்படுவதை எதிர்த்தேயாம்.

வழி வேறுண்டு. மலைநாட்டின் ஓடைகளிலே கிராமத்தவர் சங்கம் அமைத்துச் சிறு நீர்மின் நிலையங்களைத் தாமே நடத்திய வரலாறு இந்நாட்டுக்குண்டு. மூளாயிலே கூட்டுறவாக மருத்துவமனை கண்டவர்கள் நம்மவர். பாடசாலை, நூலகம், சங்கக்கடை ஆகியவற்றின் கூரைகளில் தகடும், வெளியிலே ஊர்க் காற்றாலையும், இரவுக்குப் பொதுப் பற்றரியும் அமைத்து, கூரையில்லாதவனையும் பங்காளியாக்கும் கூட்டுறவு மின்சங்கங்களையே நாம் கோரல் வேண்டும்.

தன் வீட்டு விளக்கை மட்டும் ஏற்றிக்கொண்டவன் இருளை வென்றவனல்லன். அயலவனின் இருளிலிருந்து விலகிக்கொண்டவன். பல்கலைக்கழகம் கற்ற நாம் எதனைச் செய்யப் போகிறோம்?