வாயில்லாக் காவலனுக்கு ஒரு மழைச்சட்டை



பகாங் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு உர ஸ்டோரில் இரவு ஜாகா வேலை. அவரோடு வீட்டு நாயும் போகிறது. அல்சேஷன் கலந்த பெரிய நாய். "மழை பிடித்துக்கொண்டால் இவர் கோட்டை மாட்டிக்கொள்கிறார். நாய் நனைந்து நடுங்கிக்கொண்டே கூட நடக்கிறது. பட்டணத்துக் கடையில் பூனை அளவு நாய்க்குத்தான் சட்டை இருக்கிறது. பெரிய நாய்க்கு விலை சொன்னார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். நாய்க்குச் சட்டையா என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். குறைந்த செலவில் ஏதாவது வழி உண்டா, டீச்சர்?" என்று கேட்கிறார்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், சகோதரி. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று பழமொழி சொல்லி நாம் கேலி செய்வதுண்டு. உங்கள் நாய்க்கு வேலை இருக்கிறது. சம்பளம்தான் இல்லை. பால் வெட்டுக்கும் குலை வெட்டுக்கும் போகிறவருக்கு வேலை உடுப்பு வேண்டும் என்றால், மழையில் காவல் நிற்கும் பிராணிக்கும் ஒன்று வேண்டும் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? அழகுக்குச் சட்டை போடுவது வேறு, இது வேறு.

ஆனால் தைக்க உட்காரும் முன் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை உள்ளே விடாத துணி, சூட்டையும் வெளியே விடாது. இந்தத் தொல்லை மழைக்கோட்டு பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1823இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மேக்கின்டாஷ், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். நம் முன்னோர்கள் வெட்டிய அதே பாலின் உறவுதான் அது. அப்போது ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. மலாயாப் பக்கம் கன்றுகள் வந்து சேர்ந்தது 1877இல்தான். மேக்கின்டாஷின் கோட்டு மழையைத் தடுத்தது; ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, உடம்பைப் புழுங்க வைத்தது. குளிர் நாட்டு மனிதருக்கே அந்தப் பாடு என்றால், நம் நாட்டு வெக்கையில் உடம்பு முழுதும் மயிர் போர்த்திய நாய்க்கு எப்படி இருக்கும்?

மனிதருக்கு வியர்த்தால் உடம்பு குளிரும். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே நாயின் மழைச்சட்டை மழை பெய்யும்போது போட்டு, விட்டதும் கழற்ற வேண்டிய சட்டை. இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்க முடியாத வீட்டில், சட்டை இல்லாமலிருப்பதே நாய்க்கு நல்லது.

எல்லா நாய்க்கும் தேவையா?

தேவையில்லை. அசல் அல்சேஷனுக்கு மேல்மயிரின் அடியில் இன்னோர் அடர்ந்த மயிரடுக்கு உண்டு. சாதாரணத் தூறல் அதன் தோலைத் தொடாது. டோபர்மேன், ராட்வீலர், நம் தோட்டத்து நாட்டு நாய்கள் ஆகியவற்றுக்கு மயிர் குட்டை. அவை சீக்கிரம் நனைந்து நடுங்கும். வயதான நாய், மெலிந்த நாய், மூட்டுவலியால் நொண்டும் நாய், நோயிலிருந்து தேறிவரும் நாய் ஆகியவற்றுக்குச் சட்டை நல்ல உதவி. மழையிலேயே பல மணி நேரம் வேலை செய்யும் நாய்க்கு எந்த மயிரானாலும் சட்டை பயன்படும். மழை வந்தால் திண்ணைக்கு ஓடிவிடும் நாய்க்குச் சட்டை வீண் செலவு.

அளவெடுத்தல்

கடையில் வாங்கினாலும் வீட்டில் தைத்தாலும் அளவு மூன்று. முதலாவது, கழுத்துப்பட்டை இருக்கும் இடத்திலிருந்து வாலின் அடிவரை முதுகு நீளம். இரண்டாவது, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் மிக அகலமான இடத்தில் சுற்றளவு. மூன்றாவது, கழுத்துச் சுற்றளவு. நாய் நிற்கும்போது அளக்க வேண்டும். உட்கார்ந்தால் கணக்குப் பிசகிவிடும். அளவு நாடா இல்லையென்றால் ஒரு கயிற்றைச் சுற்றிப் பிடித்து, பிள்ளைகளின் பள்ளி அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்ற பாடம் அன்றோடு மனத்தில் பதிந்துவிடும்.

கடைச் சட்டையில் "எல்", "எக்ஸ்எல்" என்று போட்டிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். சிறு நாய்களுக்கென்று தைக்கும் கம்பெனியின் எக்ஸ்எல், உங்கள் நாயின் பாதி முதுகுக்குத்தான் வரும். அங்குலமோ சென்டிமீட்டரோ போட்ட அட்டவணையைக் கேளுங்கள். கைப்பேசியில் பார்த்து வாங்குகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மார்பளவுதான் முக்கியம், நீளம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை, மார்பு இறுகினால் நாய்க்கு மூச்சு முட்டும்.

விலையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. பெரிய நாய்க்கான தரமான சட்டை இந்த ஒரு நாள் கூலியை எளிதாகத் தாண்டிவிடும். எனவே வீட்டில் தைப்பதே நமக்கு உகந்த வழி.

எதில் தைப்பது?

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் பழைய மழைக்கோட்டே முதல் தரம். அது பெரும்பாலும் கைமடிப்பிலோ அக்குளிலோதான் கிழியும். முதுகுப்பக்கம் நன்றாக இருக்கும். முதுகில் காற்றுத்துளை வைக்காத ரகமாகப் பாருங்கள். ஒளி பட்டால் மின்னும் பட்டை அதில் இருந்தால் அதை விட்டுவிடாமல் சேர்த்துத் தையுங்கள். இருட்டுச் சாலையில் வரும் லாரிக்காரருக்கு நாய் தெரியும்.

அடுத்தது, தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் கட்டிய பிளாஸ்டிக் பேனர். தண்ணீர் துளியும் இறங்காது, காசும் இல்லை. ஆனால் விறைப்பும் புழுக்கமும் அதிகம்; குறைந்த நேரத்துக்கு மட்டுமே போடலாம். கட்டியவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். சாமி படம் உள்ள பாகத்தைத் தவிர்த்துவிடுங்கள். தலைவர் படத்தைப் பற்றி உங்கள் விருப்பம்!

உரச்சாக்கு வேண்டாம். பின்னல் இடுக்கு வழியே நீர் இறங்கும். மிச்ச உரம் தோலை அரிக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும். களைக்கொல்லி, பூச்சி மருந்து வந்த எந்த உறையையும் தொடவே கூடாது. கழுவினாலும் கூடாது.

நீர் தாங்குமா என்று பார்க்க, துணியடியில் ஒரு காகிதத்தை வைத்து, மேலே அரைக் குவளை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் துணி தேறியது.

தைக்கும் முறை

முதுகு 26 அங்குலமும் மார்பு 34 அங்குலமும் உள்ள நாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பழைய நாளிதழில் வெட்டி, நாயின் மேல் போட்டுப் பாருங்கள். பிறகு துணியில் கத்தரி வையுங்கள்.

கோட்டின் முதுகுப்பாகத்திலிருந்து 26 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள ஒரே துண்டை வெட்டுங்கள். நாயின் நடுமுதுகில் தையல் வரக்கூடாது. ஊசி போன ஒவ்வொரு துளையிலும் மழை இறங்கும் என்பதுதான் காரணம். கழுத்து வரும் பக்கம் அரைவட்டமாகக் குடைந்துகொள்ளுங்கள். கோட்டின் கைகளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, முன்பக்கம் இடமும் வலமுமாகச் சேர்த்தால் அவை மார்பின் முன்னே ஒன்றின் மேல் ஒன்று வந்து மூடும். அங்கே வெல்குரோ வைக்கலாம்.

வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டை வேண்டும். மார்பு 34, துணி மூடுவது 24. மீதி 10 அங்குலம். கூட்டிக் குறைக்க இடம் வேண்டுமென்பதால் 16 அங்குலமாக எடுங்கள். பிள்ளைகள் கழித்துப் போட்ட பள்ளிப் பையின் தோள்பட்டையும் கிளிப்பும் இதற்கென்றே செய்தது போலிருக்கும். வெல்குரோவில் மயிரும் சேறும் அடைத்துக்கொள்ளும். கிளிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இன்னும் பின்னே தள்ளினால் ஆண் நாயின் சிறுநீரில் நனைந்து நாறும்.

ஓரங்களில் பழைய கைலித் துணியை மடித்துத் தைத்தால் கால் இடுக்கில் உராயாது. தையலின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். துளைகள் ஓரளவு அடையும். தலைக்கு மூடி வைக்க வேண்டாம். காவல் நாய்க்குக் காதும் கண்ணும்தான் ஆயுதம். கட்டி முடித்ததும் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாய் நடந்து, உட்கார்ந்து, கால் தூக்கிப் பார்க்கட்டும்.

பட்டணத்தில் தையற்கடையில் கொடுப்பதாயிருந்தால், அளவை வீட்டிலேயே எடுத்து, நாய் தொடாத சுத்தமான துணியாகக் கொடுங்கள். எதற்கென்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். தையற்காரர் முஸ்லிமாக இருக்கலாம். அதேபோல் நாயின் சட்டையைப் பொதுக் கொடியில் காயப்போடாமல் வீட்டின் பின்புறம் தனியே உலர்த்துங்கள். அடுத்தடுத்த வீடுகளில் பல இனத்தவர் வாழும் நாட்டில் இந்தச் சிறு கவனம் பெரிய மனத்தாங்கலைத் தடுக்கும்.

போட்ட பிறகு

முதல் நாளே மழையில் மாட்டி அனுப்பினால் நாய் மிரளும். உலர்ந்த மாலையில் ஐந்து நிமிடம் போட்டு, கூடவே தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்குங்கள். சட்டையோடு தனியே கட்டிப்போடாதீர்கள். செம்பனை மட்டை முள்ளிலோ கம்பியிலோ பட்டை மாட்டிக்கொண்டால் அவிழ்த்துவிட ஆள் இருக்காது. வேலையில் மூச்சு மிக இரைத்தால் மழை பெய்தாலும் கழற்றிவிடுங்கள்.

கழற்றியதும் காதின் உட்புறம், கால் இடுக்கு, விரல் சந்து ஆகியவற்றைப் பழந்துணியால் துடையுங்கள். ஈரம் தங்கும் இடத்தில்தான் புண்ணும் பூஞ்சணமும் வரும். துடைக்கும் கைக்கு உண்ணியும் அகப்படும்.

சட்டை எலிக்காய்ச்சலைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அந்தக் கிருமி இருக்கும். காயத்தின் வழியே நாய்க்கும் வரும், வெறுங்காலுடன் நடக்கும் நமக்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடலாம். நமக்கு பூட்ஸ்தான் காவல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உலர்ந்த இடம். ஒரு கையில் சட்டை, ஒரு கையில் பலகை என்று வைத்து எது முதலில் என்று கேட்டால், நான் பலகையைத்தான் காட்டுவேன். தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்திய பலகைப் படுக்கை, மேலே ஒரு கூரை, சாரலுக்கு எதிர்ப்பக்கம் வாசல். இவ்வளவும் பழைய சாமானிலேயே ஆகிவிடும். வேலை முடிந்து வரும் நாய் அங்கே உலர்ந்தால்தான் சட்டை போட்டதற்குப் பலன். மழையில் சங்கிலியில் கட்டியிருக்கும் நாய்க்குச் சட்டை போட்டுப் புண்ணியமில்லை. அதைப் பட்டினி போட்டுவிட்டுப் பாத்திரத்தை விளக்கி வைப்பதற்குச் சமம் அது. தக்க இருப்பிடம் தருவது வளர்ப்பவரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது. கொடுமை நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளிக்குக் குறையாது.

கிழக்குக்கரையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவமழைக் காலம். மேற்குக்கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி மாலை இடிமழை. 2014 டிசம்பரில் கிளந்தானும், 2021 டிசம்பரில் சிலாங்கூரும் பகாங்கும் வெள்ளத்தில் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறும் நாளில் சட்டையைக் கழற்றுங்கள்; நீர் புகுந்த சட்டை நீந்தும் நாயை அமிழ்த்தும். சங்கிலியையும் அவிழ்த்துவிடுங்கள். கூட்டிப் போக முடியாவிட்டாலும், தப்பிக்க அதற்கொரு வழியாவது விட வேண்டும்.

பழைய கோட்டை வெட்டித் தைக்கும் வாசகர்கள், என்ன துணி, என்ன அளவு, எத்தனை மழை தாங்கியது என்று எழுதுங்கள். பயன்படும் யோசனைகளை வரும் இதழ்களில் எல்லோருக்கும் சொல்வோம்.